வியாழக்கிழமை அறை

"பையன்களும் இந்த ரூம்ல இருந்திருந்தா, இதையெல்லாம் நீ செஞ்சிருப்பியா ஃபீபே?"

பிரிட்ஜெட் மிஸ் என்னைத்தான் கேட்டார். மேசையின் மேல் எங்கள் இயந்திரம் கடல் தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தது. சற்று முன்புதான் படகுத்துறையில் அதை நீருக்குள் இறக்கி, அடியில் கிடந்த வளையங்களை ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டி மேலே கொண்டுவந்திருந்தேன். நான் தரையைப் பார்த்தேன். பெரியவர்கள் கேள்வி கேட்டால் நான் பார்க்கிற இடம் அதுதான்.

எனக்காக லூபே பதில் சொன்னாள். அவளுடைய அப்பா எங்கள் ஊர்த் தலைவரின் தம்பி. அவள் இருக்கிற இடத்தில் அவள்தான் முதலில் பேசுவாள்.

"செஞ்சிருப்பா மிஸ். இவ எதுக்கும் பயப்பட மாட்டா."

மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கோழி குறுக்கே ஓடினாலே நான் அலறுவேன் என்பது பிரிட்ஜெட் மிஸ்ஸுக்குத் தெரியாது. அவர் முகம் மலர்ந்தது. எல்லாப் பெண்களிடமும் அதையே கேட்டார். எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

அவர் பிரிஸ்பேனிலிருந்து இரண்டு விமானம் மாறி வவாவு தீவுக்கு வந்தவர். எங்களுக்காகக் குழாயும் மோட்டாரும் ஒயரும் ஒரு பெரிய டின் பிஸ்கட்டும் தூக்கி வந்தவர். அவர் எந்தப் பதிலைக் கேட்க ஆசைப்படுகிறார் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. எங்கள் டோங்கா நாட்டில் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் இல்லை என்று சொல்ல மாட்டோம். அது சாப்பாடு போடாமல் திருப்பி அனுப்புவதைப் போல. அன்று நாங்கள் பொய் சொன்னதாக எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. வழியனுப்பும்போது கழுத்தில் மாலை போடுவோமே, அப்படித்தான் அந்த ஆமாமையும் போட்டோம். அந்த ஆமாம் பிரிஸ்பேன் வரைக்கும் போய், ஓர் அலுவலகத்தில் முடிவாக மாறித் திரும்பி வரும் என்று யார் நினைத்தது?

அந்த வருஷம் வியாழக்கிழமை பள்ளி விட்டபின் அறிவியல் அறை எங்களுடையது. செவ்வாய்க்கிழமை பையன்களுக்கு. நடுவில் யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை.

வகுப்பில் எப்படி என்றால், சோதனைச் சாமான்கள் மேசைக்கு வந்ததும் பையன்களின் கைகள் முதலில் பாயும். நாங்கள் பக்கத்தில் நின்று அழகான கையெழுத்தில் எழுதிக்கொள்வோம். யாரும் எங்களைத் தடுத்ததில்லை. ஆனால் எங்கள் ஊரில் ஒவ்வொரு வகுப்பிலும் பாதிப் பையன்கள் நமக்கு அண்ணனாகவோ தம்பியாகவோதான் இருப்பார்கள். பெரியப்பா மகன், சித்தி மகன், அத்தை மகன், மாமா மகன் எல்லோரும் அந்தக் கணக்கில் வருவார்கள். அவர்கள் எதிரே காலை நீட்டி உட்காரக் கூடாது, குனிந்து மேசைக்கு அடியில் நுழையக் கூடாது, சத்தமாகச் சிரிக்கக் கூடாது. இயந்திரம் செய்ய இவை எல்லாமே வேண்டும்.

வியாழக்கிழமை நாங்கள் கதவைச் சாத்தியதும் செருப்பையும் பாவாடை மடிப்பையும் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிடுவோம். லூபே தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு மேசைக்கு அடியிலிருந்து திருகு முடுக்குவாள். தேவாலயத்தில் பாடுகிற பாட்டுக்கே கண்டபடி வார்த்தை போட்டுப் பாடுவாள். லோசலீனே மிஸ் காதில் விழாததுபோல இருப்பார். அவர் எங்கள் அறிவியல் ஆசிரியை, தலைநகரிலிருந்து மாற்றலாகி வந்தவர்.

என் வேலை மெழுகு. மோட்டாரை ஒரு சின்ன டப்பாவில் வைத்து, உருகிய மெழுகை ஊற்றித் தண்ணீர் புகாமல் அடைக்க வேண்டும். மெழுகு ரொம்பச் சூடாக இருந்தால் மோட்டாருக்கு உள்ளேயே ஓடி அதை இறுக்கிவிடும். ஆறிப்போய் ஊற்றினால் இடுக்கு விடும், கடலில் இறக்கியதும் செத்துப்போகும். காலி மாட்டிறைச்சி டின்னில் உருக்கி வைத்துக்கொண்டு, மேலே ஆடை கட்டத் தொடங்குகிற நேரம் பார்த்து நான் தலையை ஆட்டுவேன். லூபே ஊற்றுவாள்.

"வாயத் தொறந்து சொல்லேன்டி. தலைய ஆட்டினா எனக்கு எப்படித் தெரியும், நான் டின்னப் பாக்கறதா உன் மண்டையப் பாக்கறதா?"

"இப்ப" என்றேன் ஒருநாள்.

"கேக்கலை."

"இப்ப ஊத்து" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பிறகு அந்த அறையில் நான் நிறையப் பேசினேன். இயந்திரத்தை ஓட்டுகிற பெட்டியை என் கையில் கொடுத்ததும் அதனால்தான். ஓட்டுகிறவள் கரையில் நின்று கத்த வேண்டும்.

வீட்டில் என் அண்ணன் ஹெனெலி இருந்தான். எனக்கு ஒரு வகுப்பு மேலே. செவ்வாய்க்கிழமைப் பையன்களில் அவன்தான் கெட்டிக்காரன். நான் வயதுக்கு வந்தபின் நாங்கள் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்ததில்லை. அவன் கொல்லைப்புறச் சின்னக் குடிசையில் தூங்கினான். நான் தொலைக்காட்சி பார்க்க வந்தால் அவன் எழுந்து வெளியே போய்விடுவான். பகை இல்லை, அது மரியாதை. எங்களிடையே தங்கையின் இடம் அண்ணனுக்கு மேலே. தங்கை ஒன்று வேண்டாம் என்றால் அண்ணன் அதற்கு மறுபேச்சுப் பேச மாட்டான். இப்போது சில வீடுகளில் இதையெல்லாம் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. என் அப்பா தேவாலயத்தில் பொறுப்பில் இருந்தவர். எங்கள் வீட்டில் பார்த்தோம்.

ஆனாலும் அவனுக்கு என் காரியம் எல்லாம் தெரிந்தது. சமையல் கொட்டகையில் அம்மாவிடம், "மெழுகு தீர்ந்துபோச்சும்மா, கடையிலயும் இல்லை" என்று ஒருமுறை புலம்பினேன். மறுநாள் காலை வாசற்படியில் ஒரு பழைய துணியில் மெழுகுவர்த்தித் துண்டுகள் முடிந்து கிடந்தன. தேவாலயத்தின் பழைய பெட்டியைக் குடைந்திருப்பான். அம்மா பார்த்துவிட்டு மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தார்.

புது வருஷம் பள்ளி திறந்ததும் லோசலீனே மிஸ் எங்களைக் கூப்பிட்டார். இனிமேல் வியாழக்கிழமை மட்டும்தான், பையன்களும் பெண்களும் சேர்ந்து. ஒரு குழு, ஒரு இயந்திரம், ஆண்டு முடிவில் தலைநகரில் போட்டி.

"ஏன் மிஸ்?" என்று லூபே கேட்டாள்.

"அங்கேருந்து எழுதியிருக்காங்க. பொண்ணுங்களைத் தனியா வெச்சா அவங்க வளர மாட்டாங்களாம். பையன்க கூட நின்னு போட்டி போட்டாத்தான் தைரியம் வருமாம்." லோசலீனே மிஸ் கொஞ்சம் நிறுத்தினார். "அதோட, தனி ரூம் வேணாம்னு நீங்களே சொல்லிட்டீங்களாம்."

"நாங்க எப்ப சொன்னோம்?"

"பசங்க இருந்தாலும் செஞ்சிருப்பேன்னு சொன்னியாமே."

லூபே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்று வீட்டில் இதைச் சொன்னதும் அம்மா கேட்டார்: "அப்ப ஹெனெலி?"

"இவ உள்ள இருந்தா அவன் வெளிய இருப்பான்" என்றார் அப்பா. "அதுல யோசிக்க என்ன இருக்கு?"

"வெளிய இருந்துக்கிட்டு எப்படிங்க மிஷின் பண்ணுவான்? அவனுக்கு அது ஒண்ணுதான் பிடிச்சிருக்கு. இன்ஜினியரிங் படிக்கணும்னு பைத்தியமா இருக்கான்."

"அப்ப இவ நிக்கட்டும்."

"இவளும்தான் இப்பத்தான் வாயத் தொறந்து பேச ஆரம்பிச்சிருக்கா."

அப்பா எங்கள் யாரையும் பார்க்காமல் வேதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். எனக்கு அந்த ஓட்டுகிற பெட்டி வேண்டும். தலைநகருக்குப் போக வேண்டும். அவனுக்கும் வேண்டும். ஆனால் இருவரில் யார் எழுந்து போவார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

முதல் வியாழக்கிழமை எல்லோரும் உள்ளே உட்கார்ந்தோம். ஹெனெலி கதவுக்குப் பக்கத்தில், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி. நான் மறுகோடியில். வேறு தீவிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற சொசையா மட்டும் எங்கள் யாருக்கும் சொந்தமில்லாதவன். அவன் வழக்கம்போல ஏதோ கதை சொல்ல ஆரம்பித்தான். பையன்கள் யாரும் சிரிக்கவில்லை. தங்கைகள் எதிரே அந்த மாதிரிக் கதைக்குச் சிரிக்க முடியாது.

"என்னடா இது, எழவு வீடா?" என்றான் சொசையா. "போன வாரம் இதே கதைக்கு விழுந்து விழுந்து சிரிச்சீங்களேடா."

நாங்களும் பாடவில்லை. லூபே படுத்துத் திருகு முடுக்கவில்லை. மெழுகு ஊற்றும் நேரம் வந்தபோது நான் தலையை ஆட்டினேன். அவள் பார்க்கவில்லை. மெழுகு ஆறிப்போயிற்று.

அடுத்த வாரம் ஹெனெலி உள்ளே வரவில்லை. வெளித் தாழ்வாரத்தில், ஜன்னலுக்குக் கீழே, முதுகைச் சுவரில் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தான். இன்னும் மூன்று நான்கு பேர் அவனோடு. யார் யாருக்கு உள்ளே தங்கை இருந்தாளோ அவர்கள். சொசையா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "அந்தச் சட்டத்தக் கொடுங்க, ஒயர் இழுக்கணுமாம்" என்றான்.

லூபே இயந்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். "ஜாக்கிரதையா வாங்கு. ஒடச்சே, உன் மண்டைலதான் மாட்டுவேன்."

"என் மண்டைல மாட்டினா அதுக்குப் புத்தி வந்துடும், பரவால்லயா?"

பையன்கள் வெளியே சிரித்தார்கள். நாங்கள் உள்ளே சிரித்தோம். நடுவில் சுவர் இருந்தது, அதனால் யாருக்கும் குற்றமில்லை. லோசலீனே மிஸ் ஜன்னலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். போய் ஜன்னல் கதவை நன்றாகத் திறந்து கல் வைத்து நிறுத்தினார்.

அதற்குப் பிறகு இயந்திரம் அந்த ஜன்னல் வழியாகவே வளர்ந்தது. உள்ளே குழாய் வெட்டி மெழுகு ஊற்றுவோம். வெளியே போய் ஒயர் பற்றவைத்துத் திரும்பி வரும். அவர்கள் செய்ததில் குறை இருந்தால் லூபே ஜன்னலில் தலையை நீட்டித் திட்டுவாள். எங்கள் வேலையில் குறை இருந்தால் வெளியிலிருந்து சொசையா பாட்டாகப் பாடுவான். அந்தப் பாட்டில் இருக்கிற வார்த்தை ஹெனெலியுடையது என்று எனக்குத் தெரியும்.

படகுத்துறையில் ஓட்டிப் பார்க்கும்போதும் ஒரு வழி கண்டுபிடித்தோம். நான் துறையின் நுனியில் பெட்டியோடு நிற்பேன். எனக்குப் பின்னால், எனக்கு முதுகு காட்டிக்கொண்டு, ஹெனெலி கேபிளை விடுவான், இழுப்பான். இயந்திரத்தின் பின்னாலேயே ஓடும் அந்த நீளக் கேபிளைச் சிக்காமல் விடுவது எளிதில்லை. நடுவில் லூபே நின்றாள்.

"விடச் சொல்றா."

"போதுமான்னு கேக்கறான்."

"இன்னும் கொஞ்சமாம்."

சில வாரங்களில் லூபேக்கு வேலை குறைந்துவிட்டது. நான் திரும்பப் போகிறேன் என்று நினைக்கும்போதே பின்னால் கேபிள் தளரும். அவன் ஒரு மென்மையான இழுப்பு இழுத்தால், அடியில் பாறை இருக்கிறது என்று அர்த்தம். சிறுவயதுக்குப் பிறகு என் அண்ணனோடு நான் அவ்வளவு நேரம் பேசியது அப்போதுதான். லூபே நடுவில் உட்கார்ந்து தர்ப்பூசணி தின்றாள். "எனக்கு இங்க என்ன சம்பளம்?" என்று அலுத்துக்கொண்டாள்.

அந்தப் போட்டிக்கு நானும் போகவில்லை, அவனும் போகவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். லூபேயும் சொசையாவும் போனார்கள், கேபிள் சிக்கி, கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தார்கள். அடுத்த வருஷம் நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். ஹெனெலி படிப்பை முடித்தான், ஆனால் அறிவியல் பிரிவில் இல்லை. இப்போது வருஷத்தில் பாதிக் காலம் ஆஸ்திரேலியாவில் தக்காளி பறிக்கிறான். அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது என்னை விசாரிப்பான். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்வேன்.

பெண்களுக்குத் தனியாக ஓர் அறை வேண்டுமா வேண்டாமா என்று இங்கே வருகிறவர்கள் இன்னும் கேட்கிறார்கள். எல்லா ஊருக்கும் ஒரே பதில் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. பிரிட்ஜெட் மிஸ் வளர்ந்த ஊரில் அவர் சொன்னதே சரியாக இருக்கலாம். எங்கள் ஊரில் ஒரு ஜன்னல் போதுமானதாக இருந்தது.

அந்தப் போட்டிக்குக் கொஞ்ச காலம் முன்பு பிரிட்ஜெட் மிஸ் மறுபடி வந்தார். அதே சிரிப்பு, அதே டின் பிஸ்கட். அறைக்குள் நுழைந்ததும் சிரிப்பு நின்றது.

"பையன்க ஏன் வெளிய உக்காந்திருக்காங்க?"

லோசலீனே மிஸ் மெதுவாக ஆரம்பித்தார். "இங்க அண்ணன் தங்கச்சின்னா ஒரு முறை இருக்கு…"

"தெரியும் தெரியும், படிச்சிருக்கேன். வீட்ல இருக்கட்டும், நான் தப்பே சொல்லலை. இது லேப். இங்க இருக்கிறவங்க எல்லாரும் மாணவர்கள், அவ்ளோதான். அதுவும் இந்தப் பொண்ணுங்களே என்கிட்ட சொன்னாங்க, பசங்க இருந்தாலும் எங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு." அவர் எங்களைப் பார்த்து அன்போடு சிரித்தார். "சொன்னீங்கல்ல?"

லூபே லோசலீனே மிஸ்ஸைப் பார்த்தாள். லோசலீனே மிஸ் பிஸ்கட் டின்னைப் பார்த்தார். பிறகு, "சொன்னாங்க, சொன்னாங்க" என்றார்.

பையன்களை உள்ளே கூப்பிட்டார்கள். ஒவ்வொருவனாகக் குனிந்து வந்து சுவரோரமாக நின்றான். ஹெனெலி கடைசியாக வந்தான், தோளில் கேபிள் வளையத்தோடு. அன்று காலை படகுத்துறையில் நாங்கள் ஓட்டியதை பிரிட்ஜெட் மிஸ் பார்த்திருந்தார்.

"நான் பார்த்த டீம்லயே இந்த ரெண்டு பேர்தான் பிரமாதம்" என்றார். "ஆனா போட்டியில மேடை மேல ரெண்டு பேருக்குத்தான் இடம். நடுவுல ஆள் நிக்க முடியாது. ஓட்டறவங்களும் கேபிள் பிடிக்கறவங்களும் ஒருத்தர ஒருத்தர் பார்த்துப் பேசிக்கணும். அதுக்கும் மார்க் இருக்கு. அண்ணனும் தங்கச்சியும்! இதைவிடப் பொருத்தமா யார் கிடைப்பாங்க?"

அவர் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டார். என் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். ஹெனெலியின் கையைப் பிடித்துக் கூட்டி வந்து என் பக்கத்தில், அதே பெஞ்சில் உட்கார வைத்தார். பெட்டி என் மடியில். கேபிள் அவன் மடியில். பையன்கள் எல்லோரும் ஒன்றாகக் கண்களைத் தாழ்த்திக்கொண்டார்கள். என் முழங்காலுக்கும் அவன் முழங்காலுக்கும் நடுவில் ஒரு கை அகலம்தான் இருந்தது. அவன் மூச்சு விடுவது கேட்டது. அவன் கழுத்து வியர்த்துக்கொண்டிருந்தது.

"இப்ப அவன்கிட்ட ஏதாவது சொல்லு ஃபீபே. 'கேபிளை விடு'ன்னு சொல்லு. முகத்தைப் பார்த்துச் சொல்லு. உனக்கு ஒண்ணும் சங்கடம் இல்லையே?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். லூபே முந்திக்கொண்டு எனக்காகப் பேசிவிடுவாளோ என்று ஒரு கணம் பயந்தேன். அவள் பேசவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை, மெழுகு டின்னைப் பிடித்தபடி எனக்காகக் காத்திருந்தபோது பார்த்த அதே பார்வை. வாயத் தொறந்து சொல்லேன்டி.

நான் சொல்ல வேண்டியது மனதில் தெளிவாக இருந்தது. எங்களால் இப்படி முடியாது மிஸ், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் யாரையும்விட நன்றாகச் செய்வோம், அப்படியே நிற்க அனுமதி கேளுங்கள், அவனை மட்டும் குழுவிலிருந்து எடுத்துவிடாதீர்கள். இவ்வளவும் சொல்ல வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விருந்தாளியிடம் இல்லை என்று சொல்லப்போகிறேன், அதுவும் அத்தனை பையன்கள் முன்னால்.

"முடியாது மிஸ்" என்றேன்.

சத்தமாக வந்தது. நான் நினைத்ததைவிட மிகவும் சத்தமாக. மீதி வார்த்தைகள் அதன் பின்னால் வரிசையாக நின்றன. எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் ஒரு மூச்சு இழுத்தேன். அந்த ஒரு மூச்சு நேரம்தான்.

பக்கத்தில் பெஞ்சு லேசாயிற்று.

தங்கை முடியாது என்று சொன்னாள். அவனுக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. மடியிலிருந்த கேபிள் வளையத்தை எடுத்து, சிக்கு விழாதபடி ஒருமுறை சரிபார்த்து, பெஞ்சில் என் பக்கத்தில் மெல்ல வைத்தான். எனக்கு முன்னால் போகும்போது இடுப்பு வரை குனிந்தான். பிரிட்ஜெட் மிஸ் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வாசலில் செருப்பைத் தேடிக் கண்டுபிடித்து, அதைக் காலில் மாட்டிக்கொள்ளாமல் கையில் எடுத்துக்கொண்டு, அண்ணன் தாழ்வாரத்தைத் தாண்டிப் போனான்.